அண்ணன் பெயர் ஒட்டிய குப்பி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பீர்கள். பிரித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று பேசியதோடு சரி, இரண்டு வருடமாக நமக்குள் ஒரு வார்த்தை கிடையாது. அதைக் கிளற நான் எழுதவில்லை.

விஷயம் அண்ணனைப் பற்றியது. அப்பாவை எடுத்துக்கொண்ட அந்தக் குடல் புற்றுநோய் பெற்ற பிள்ளைகளுக்கும் வரக்கூடியது. நான் இப்போது இங்கே முன்சோதனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நோய் தெரியும் முன்பே சோதித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. உங்கள் ஊர் சிமெண்ட் ஆலையில் ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளிகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சோதனைக் குப்பி அனுப்பினோம். எலக்ட்ரீஷியன்கள் பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்தது. எல்லாக் குப்பியும் வராவிட்டாலும் அண்ணனுடையதாவது வரும் என்று காத்திருந்தேன். நினைவூட்டல் போயும் வரவில்லை. போன் செய்தால், "எனக்கு கல்லைத் தின்னாலும் செரிக்குது, நீ உன் வேலையைப் பாரு" என்று வைத்துவிடுகிறார்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குப்பியின் மூடியில் ஒரு குச்சி இருக்கும். அதை மலத்தில் இங்கும் அங்கும் தொட்டுத் திரும்பக் குப்பிக்குள் விட்டு மூடி, அன்றே தபாலில் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கட்டின மனைவி சொன்னால் கேட்பார். நான் சொன்னால் அவருக்கு நான் இன்னும் மூக்கு ஒழுகும் பாப்பாதான்.

உங்களிடம் இதைக் கேட்க எனக்கு வாயில்லை. அண்ணன் உயிர் என்பதால் கேட்கிறேன்.

பாப்பா


மார்ச் 15

பாப்பாவுக்கு,

நாற்பது வயதுக்காரியைப் பாப்பா என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் உனக்கு வேறு பெயர் இல்லையே.

இரண்டு வருடம் கழித்து நாத்தனார் கடிதம் போடுகிறாள், என்னவோ ஏதோ என்று பஸ் நிலையத்தில் என் டிக்கெட் கவுண்டரிலேயே பிரித்தேன். பார்த்தால் குச்சியும் மலமும். வரிசையில் நின்றவர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார். என்ன சொல்ல?

நீ கிளறவில்லை என்று எழுதிவிட்டாய். நான் கிளறத்தான் போகிறேன். அன்று அத்தனை பேர் முன்னால் என்ன கேட்டாய் தெரியுமா? "ஏன் அண்ணி, இவ்வளவு நாள் வீட்லயே வச்சிருந்தீங்க?" அதற்குப் பதில் இருக்கிறது. இப்போது கேட்டுக்கொள். மாமாவை முதலில் இந்த ஊர் டாக்டரிடம் கூட்டிப் போனேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உங்க ஆளுங்க காரம் ஜாஸ்தி. மூலம்தான்" என்று களிம்பு எழுதினார். அடுத்த டாக்டரும் அதே களிம்பு. அப்புறம் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்க்கும் மிஷின் ரிப்பேர், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. கடைசியில் உன் நகரத்துக்குப் பஸ்ஸின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வந்தவள் நான். நீ வார்டு வாசலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாய்.

என் கவுண்டரிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். பெரிய பிளாஸ்டிக் கவரில் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு நகரத்துக்கு டிக்கெட் கேட்பவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். ஆலைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். போகும்போதே எழுந்து நிற்க முடியாத நிலையில்தான் போகிறார்கள்.

உன் அண்ணன் குப்பியை அலமாரி மேல் வைத்துவிட்டார். "அந்தக் கருமத்தை என் கண்ணுல காட்டாத" என்கிறார். கவலைப்படாதே, குப்பி உன்னிடம் வந்து சேரும்.

சும்மா ஒன்று கேட்கிறேன். அது ஏன் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும்? அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு வயிறு இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் குப்பியில் ரத்தம் இருக்கிறது. கொஞ்சம் இல்லை, நிறைய. அலுவலகக் கடிதம் அவர் பெயருக்குத் தனியாக வரும். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ரத்தம் இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. இதை ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் போனில் சொல்கிறேன். எனக்கே சொல்லிக்கொள்ளும்போது நம்ப முடியவில்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மே மாதம் அண்ணனுக்கு நாள் வாங்கிவிட்டேன். குப்பியில் ரத்தம் வந்தவர்களுக்கு வரிசை கிடையாது, நேராக உள்ளே போகலாம். எப்படியாவது பஸ் ஏற்றி அனுப்புங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு ஏன் குப்பி இல்லை என்று கேட்டிருந்தீர்கள். நகரத்தில் நாற்பத்தைந்து வயதானால் ஆண் பெண் எல்லாருக்கும் வீட்டுக்கே குப்பி வரும். உங்கள் மாவட்டத்தில் ஆலையோடு ஒப்பந்தம் இருப்பதால் ஆலைக்காரர்களுக்கு ஐம்பதில் கொடுக்கிறோம். மற்றவர்களுக்கு "அடுத்த கட்டம்" என்று எழுதியிருக்கிறது. நான் சேர்ந்த நாளிலிருந்து அடுத்த கட்டமாகவே இருக்கிறது. எங்கள் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. சோதனை குறைவாக நடக்கும் ஊர்களுக்குச் சிவப்பு. உங்கள் ஊர் பக்கம் முழுக்கச் சிவப்புதான். போன வாரம் மேலதிகாரி அதைக் காட்டி, "அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கூச்சம் அதிகம். உங்க ஆளுங்கதானே, நீங்களே சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார். நானும் மண்டையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபமே வந்தது.

அப்பா விஷயத்தில் நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். களிம்பு விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாப்பா


ஏப்ரல் 21

பாப்பா,

உன் அண்ணனைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அலுவலகக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "நான் எப்ப அந்தக் குச்சியைத் தொட்டேன்?" என்றார். "நீங்க கக்கூஸ்ல தண்ணி ஊத்தாம வந்த அன்னிக்கு நான்தான் எடுத்தேன்" என்றேன். அதற்கு மேல் அவர் என்ன பேசுவார்? இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். என் கையாலேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். ஜன்னல் ஓரம்.

குழாய் விடுவதற்கு முதல் நாள் வயிற்றைக் கழுவக் குடிக்கிற மருந்தைப் பற்றி நீ போனில் சொன்னதைக் கேட்டே பாதி உயிர் போய்விட்டது அவருக்கு. ஆள் பயந்துதான் இருக்கிறார். அதட்டாதே.

டாக்டரிடம் சில விஷயம் கேட்டு எனக்கு எழுது. ரத்தம் எத்தனை மாதமாக வந்தால் ஆபத்து? இளைப்பதும் மூச்சு வாங்குவதும் இதோடு சேர்ந்ததா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் களைப்பு போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? உன் அண்ணனுக்காகத்தான் கேட்கிறேன். அவர் வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டார்.

அண்ணி


மே 18

அண்ணி,

அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. குடல் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது என்று டாக்டரே சொன்னார். ஒரு சின்ன முளை கூட இல்லை, மூலமும் இல்லை. கேட்டதும் நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அண்ணன் மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட என்ன இருக்கு?"

இரண்டு நாள் என் வீட்டில்தான் இருந்தார். பழைய கதையெல்லாம் பேசினோம். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: "நான் தண்ணி ஊத்தாம வந்தேனாம், உன் அண்ணி எடுத்தாளாம். எனக்கு ஞாபகமே இல்ல." நானும் சேர்ந்து சிரித்தேன். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டி காலி. அடியில் ஒரு சொட்டு இல்லை.

அண்ணி, நான் இவரோடு பிறந்து வளர்ந்தவள். எத்தனை வாளி ஊற்றினாலும் இவருக்குத் திருப்தி வராது. சின்ன வயதில் இவருக்கு அடுத்து யார் போனாலும் தண்ணீர் இருக்காது, அப்பாவுக்கும் இவருக்கும் தினம் அதில்தான் சண்டை. அண்ணன் தண்ணீர் ஊற்றாமல் வெளியே வந்த நாள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அதற்குப் பிறகு உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். களைப்பு, மூச்சு வாங்குவது, இரும்பு மாத்திரை. இவை ஒன்றும் அண்ணனுக்குக் கிடையாது, டாக்டரிடம் அவரே சொன்னார்.

அந்தக் குப்பியில் இருந்தது யாருடையது? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உடனே பதில் எழுதுங்கள்.

பாப்பா


ஜூன் 7

பாப்பா,

உடனே எழுது என்றாய். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இத்தனை நாள் ஓடிவிட்டது.

என்னுடையதுதான்.

உன் அண்ணன் குப்பியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். அது அலமாரி மேல் உட்கார்ந்து தினமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் போன வருடக் கடைசியிலிருந்தே ரத்தம் போகிறது. டாக்டரிடம் போனேன். என்ன எழுதிக்கொடுத்தார் தெரியுமா? அதே களிம்பு. மாமாவுக்கு வாங்கிய அதே டியூப், அதே மூடி. சுகாதார நிலையத்தில் போய், "எனக்கும் ஒரு குப்பி கொடுங்க" என்று கேட்டேன். "நீங்க ஆலையில வேலை பாக்கறீங்களா? இல்லையே. வயசு? நாப்பத்தாறா? அப்ப உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார்கள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நானும் நினைத்தேன், இது உங்கள் வீட்டு நோய், நான் வாழ வந்தவள், எனக்கு எப்படி வரும் என்று. வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் குச்சியைத் தொட்டேன். உன் அண்ணன் பெயரில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று கணக்குப் போட்டேன். உன் கடிதம் வந்ததும் கணக்குத் தப்பிவிட்டது. அப்போதும் அவரை அனுப்பினேன். வாங்கிய நாள் வீணாக வேண்டாம், அவர் வயிற்றையாவது பார்த்துவிடட்டும் என்று. அங்கே அவருக்குக் குழாய் விட்ட அன்று நான் இங்கே கவுண்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். நூறு ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால், "ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?" என்று என்னையும் கேட்டிருப்பாய். அதை இன்னொரு தடவை கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

இப்போது மாவட்ட ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருடம் தை பிறக்கட்டும் என்கிறார்கள். உன் அண்ணனுக்குத் தெரியாது. அவர் பாவம், ஊரெல்லாம் போய்த் தன் குடலைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்.

பயமாக இருக்கிறது, பாப்பா.

அண்ணி


ஜூன் 12

அண்ணி,

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதைவிட என் மேல்தான் அதிகம் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். தை வரைக்கும் ஒரு நாள் கூட நீங்கள் காத்திருக்கக் கூடாது.

மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன், உங்கள் பெயரைச் சொல்லாமல். ஒரு பெண் தன் வீட்டுக்காரர் குப்பியில் தன்னுடையதை வைத்துவிட்டாள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அவங்க பேர்ல ரத்தம்னு ரிக்கார்டு இல்லையே. வயசும் வரலை. மாவட்டத்து வழியாத்தான் வரணும்" என்றார். "அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?" என்றேன். "விதிமுறைம்மா" என்றார். அண்ணன் பெயருக்கு நேராக "தவறான எச்சரிக்கை" என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டார்கள்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீங்கள் என் வீட்டில் குடியிருப்பதாக, என் விலாசத்தில் உங்களைப் பதிவு செய்துவிட்டேன். அதே நீங்கள்தான், அதே நாற்பத்தாறு வயதுதான். இந்தத் தெரு பெயரை எழுதியதும் உங்களுக்குக் குப்பிக்கும் உரிமை வந்துவிட்டது, குழாய் விட்டுப் பார்க்கவும் உரிமை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி உங்களுக்கு நாள். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். வார்டு வாசலில் இல்லை, பஸ் நிலையத்தில்.

பாப்பா


அக்டோபர் 30

அண்ணி,

நேற்றுதான் பஸ் ஏற்றிவிட்டேன், இன்று கடிதமா என்று நினைப்பீர்கள். நான்கு நாள் பக்கத்திலேயே இருந்தீர்கள். புற்றுநோய் ஊசி போட்ட களைப்பில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது?

கட்டியை வெட்டி எடுத்தாயிற்று, நெறி கட்டியிருந்த இடங்களையும் எடுத்துவிட்டார்கள். ஊசி இன்னும் ஐந்து தடவை பாக்கி. டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்களும் கேட்டீர்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது என்றார். அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. அண்ணன் அன்று வராந்தாவில், "அது என் குப்பி, என் குப்பி" என்று தலையில் அடித்துக்கொண்டதை உங்களிடம் சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆண்டுக் கூட்டம் நடந்தது. மேலதிகாரி ஊர்வாரியாகப் படித்துக்கொண்டு வந்தார். உங்கள் ஊர் வந்ததும், "இந்த ஊர்ல ஐம்பது வயசுக்குக் கீழ பெண்கள்ல ஒருத்தருக்குக் கூட இந்த நோய் இல்லை. அதனால வயது வரம்பைக் குறைக்கத் தேவையில்லை" என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். நகரத்துக் கணக்கில் ஒருத்தி கூடியிருந்தாள். அது நீங்கள்.

நான் செய்த வேலை அது. உங்களை என் தெருவுக்குக் கொண்டுவந்தேன், உங்கள் நோயும் உங்களோடு இந்தக் கணக்குக்கு வந்துவிட்டது.

திருத்தலாம். திருத்தினால் பொய் விலாசம் எழுதினேன் என்று என் வேலை போகலாம். அது போகட்டும். ஆனால் மீதி ஊசியை உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே இந்த மருந்து இருக்குமா, எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி எல்லாம் முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வரம்பு பற்றிய முடிவு டிசம்பரில் கையெழுத்தாகிவிடும். அதற்குப் பிறகு ஐந்து வருடம் யாரும் அந்தக் கோப்பைத் திறக்க மாட்டார்கள்.

என் மனது சொல்வது, பேசாமல் இரு, அண்ணி பிழைக்கட்டும் என்றுதான். இதை நான் மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதால் எழுதுகிறேன். பேசாமல் இரு என்று நீங்கள் எழுதினால் இந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவே மாட்டேன்.

பாப்பா


நவம்பர் 9

பாப்பா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னைத் திட்டினேன். முடி கொட்டிப்போய் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? பேசாமல் இரு என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். எழுதியும்விட்டேன். உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் டிப்போவில் பெருக்கும் பெண்ணை உனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள். நான் மறுபடி வேலைக்கு வந்ததிலிருந்து என் கவுண்டர் பக்கமே சுற்றிச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இன்று கூட்டம் குறைந்ததும் ஜன்னல் அருகில் வந்து, "அக்கா, உங்களுக்கு முதல்ல எப்படி இருந்துச்சு?" என்றாள். சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கும் அப்படித்தான் போகுது அக்கா, ரெண்டு மாசமா." களிம்பு கொடுத்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் குப்பி கேட்டாளாம். நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல உன் வயசுப் பொம்பளைங்க யாருக்கும் இது வந்ததே இல்லம்மா, தைரியமா போ" என்று அனுப்பிவிட்டாளாம். அவளும் சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறாள். சந்தோஷமாக, பாப்பா.

எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

நான் ஒன்றும் தியாகி இல்லை. அந்த ஐந்து ஊசியும் எனக்கு வேண்டும். உன் அண்ணனோடு இன்னும் சண்டை போட வேண்டும், உன்னோடும் பாக்கி இருக்கிறது. மருந்து இங்கே இல்லை என்றால் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பேன், கத்துவேன், வாசலில் உட்காருவேன். உன் அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைப்பேன். ராத்திரி இதை நினைத்தால் எழுந்து விளக்கைப் போட்டுக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆமாம், இங்கே யாருக்கும் வந்ததில்லை என்று என்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்க முடியாது.

அவளைப் பதினாறாம் தேதி காலை பஸ்ஸில் அனுப்புகிறேன். நீ போய் நில். உன் தெரு விலாசத்தை அவளுக்குக் கொடுக்காதே. அவள் இந்த ஊர்க்காரியாகவே வரட்டும், அவர்கள் இல்லை என்று சொல்லட்டும், நீ அங்கேயே நின்று கேள்.

உன் மேலதிகாரியிடம் போ. அந்த ஊரில் ஒருத்திக்கு வந்திருக்கிறது என்று சொல். என் பெயரை எழுது, வயதை எழுது, இந்த ஊரை எழுது.

அண்ணி